வெள்ளம் வடிந்ததும் நாமும் வடிந்துவிடுகிறோம்

பெங்களூருவில் கனமழை கொட்டித் தீர்த்த மறுநாள் நமக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறார். பெரும்பாலும் வார்டு அலுவலகத்து உதவிப் பொறியாளர்தான் அகப்படுவார். மந்திரி பார்வையிட வருகிறார். முழங்கால் தண்ணீரில் அவரை நிற்கவைத்து எல்லார் முன்னாலும் கடிந்துகொள்கிறார். நாம் கைபேசியில் படம் பிடிக்கிறோம். சாயங்காலத்துக்குள் சஸ்பெண்ட் என்று செய்தி வந்துவிட்டால் ‘நல்லா வேணும்’ என்று நாலு பேருக்கு அனுப்பிவைக்கிறோம். வெள்ளத்தைப் பொறுத்தவரை நம் கடமை அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பொறியாளருக்கு நற்சான்றிதழ் வழங்க இதை எழுதவில்லை. காசு வாங்கிக்கொண்டு கால்வாய்மேல் கட்டடம் எழும்ப விட்டவர்கள் அவர்களுக்குள் உண்டு, ஊரறிந்த விஷயம். இங்கே பேச்சு நம்மைப் பற்றி. குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், தமிழ் அமைப்புகளின் விழாக்களுக்குப் போய்வருபவர்கள், பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், போடாதவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். ஆபத்துக் காலத்தில் நகரத்தைத் தாங்க வேண்டியவர்களை நாம் எப்படித் தனியே விட்டோம் என்று ஒருமுறையாவது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2022 செப்டம்பரிலிருந்து தொடங்கலாம். 4ஆம் தேதி இரவு பிடித்த மழை 5ஆம் தேதி காலைக்குள் 131.6 மில்லிமீட்டராகப் பதிவானது. பெள்ளந்தூர், யமலூர், சர்ஜாபுரா சாலை, வெளிவட்டச் சாலை எல்லாம் ஏரியாகின. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்குச் சில நாள் முன்பு ஆகஸ்ட் 30 மழையில் மட்டும் 225 கோடி ரூபாய் நட்டம் என்று வெளிவட்டச் சாலை நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தது. நமக்கு என்ன போயிற்று என்பதை நாம் கச்சிதமாகக் கணக்கிட்டு வைத்திருந்தோம்.

அந்தச் செப்டம்பர் மழையின்போதே மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்தில் இன்னொன்று நடந்தது. நகரத்துக்குக் காவிரி நீரை ஏற்றி அனுப்பும் தொரேகாடனஹள்ளி நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து பம்புகள் மூழ்கின. ஊரெல்லாம் தண்ணீர், குழாயில் மட்டும் தண்ணீரில்லை. குடிநீர் வாரிய ஊழியர்கள் நிலையத்திலிருந்து வெள்ளத்தை இறைத்து, இயந்திரங்களைச் சீராக்கி, பம்புகளைத் திரும்ப ஓடவைத்தார்கள். சில நாட்களில் குழாயில் தண்ணீர் வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. டிராக்டர் படத்தை மறக்காத நம்மில் எத்தனை பேருக்குத் தொரேகாடனஹள்ளி என்ற பெயர் நினைவிருக்கிறது?

மழை இரவில் ஒரு வார்டுப் பொறியாளருக்கு என்ன வேலை என்பதும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

பெரிய மழைநீர் வடிகாலான ராஜகால்வாய் ஒரு தெருவைக் கடக்கும் இடம். அங்கே குப்பையைத் தடுக்கக் கம்பி வலை வைத்திருக்கிறார்கள். மழை வலுத்த அரைமணி நேரத்தில் அந்த வலையில் வந்து அடைத்துக்கொள்பவை: கிழிந்த மெத்தை, தெர்மாகோல் பெட்டி, இளநீர்க் கூடு, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள், உடைந்த நாற்காலி. எல்லாம் நம் வீட்டிலிருந்து போனவை. அடைப்பை எடுக்காவிட்டால் மேல்தெரு மூழ்கும். ஒரேயடியாக எடுத்துவிட்டால் தேங்கிய தண்ணீர் சீறிப் பாய்ந்து கீழ்த்தெருவை அடிக்கும். இருட்டில், கொட்டும் மழையில், ஒரு ஜேசிபி டிரைவரையும் நாலைந்து ஒப்பந்தத் தொழிலாளர்களையும் வைத்துக்கொண்டு எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நடுவில் கைபேசி ஓயாமல் அடிக்கும். எங்கள் தரைத்தளத்தில் கார் மிதக்கிறது என்பார் ஒருவர். எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து பேசுகிறோம் என்பார் இன்னொருவர்.

மின்கம்பி அறுந்தால் அவர் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமைக் கூப்பிட வேண்டும். பாதாளச் சாக்கடை பொங்கினால் குடிநீர் வாரியம். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மெட்ரோ நிறுவனம். மரம் விழுந்தால் வனப் பிரிவு, ஏரிக்கரை கசிந்தால் ஏரிப் பிரிவு. இவர்களில் ஒருவரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். அவரால் கெஞ்ச முடியும், உத்தரவிட முடியாது. நமக்கோ எல்லாமே ‘கார்ப்பரேஷன்’ தான். எது நடக்காவிட்டாலும் திட்டு அவருக்குத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பியின் எல்லைக்குள் 84 லட்சம் பேர் இருந்தோம். அன்றைக்கு இருந்தவை 198 வார்டுகள். சராசரியாக ஒரு வார்டுக்கு 42,000 பேர் வருகிறது. தமிழ்நாட்டில் இந்த அளவு மக்கள் இருந்தால் அது ஒரு நகராட்சி. அதற்கென்று ஆணையர், பொறியாளர், சுகாதார அலுவலர், நகர்மன்றத் தலைவர் எல்லாரும் இருப்பார்கள். கிழக்குப் பக்கத்து வார்டுகள் அதற்குப் பிறகு எத்தனை மடங்கு பெருத்தன என்பது அங்கே வீடு வாங்கிய நமக்கே தெரியும். அடுக்ககம் ஏற ஏற நாம் பராமரிப்புக் கட்டணம் கட்டினோம், காவலாளி வைத்தோம், நீச்சல்குளம் கட்டிக்கொண்டோம். வார்டு அலுவலகத்தில் ஆள் போதுமா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

துப்புரவுத் தொழிலாளர்களான பௌரகார்மிகர்கள் விஷயத்தில் நம் முகம் இன்னும் மோசம். நம் தெருக்களைப் பெருக்கும் பெண்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் நிறையப் பேர். 2022 ஜூலையில் அவர்கள் வேலையை நிரந்தரமாக்கக் கோரி விளக்குமாற்றைக் கீழே வைத்தார்கள். அந்தச் சில நாளும் குப்பை நாறுகிறதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து வெள்ளம் விட்டுப்போன சேற்றை வார வந்தவர்களும் அவர்களே. முழங்கால்வரை பூட்ஸ் உண்டா, கையுறை உண்டா, சேற்றில் நின்ற காலுக்கு மருந்து உண்டா என்று பார்க்க வேண்டியவர்களில் நாமும் உண்டு. பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கேமராக்கள் போய்விடும். மீட்பு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அது பார்க்க அழகான வேலை இல்லை. வண்டி வண்டியாகச் சேறு அள்ள வேண்டும், அதைக் கொட்ட இடம் தேட வேண்டும், குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் போட வேண்டும், நிவாரணப் பட்டியல் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று அரசு அறிவிப்பது ஒரு வரிச் செய்தி. அந்த வரியைப் பணமாக்க ஓர் ஊழியர் வீடு வீடாகப் போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் கேட்க வேண்டும். பாஸ்புக் வெள்ளத்தில் ஊறிக் கூழாகியிருக்கும். ரேஷன் கார்டு தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். வாடகைக்கு இருப்பவரிடம் ஒப்பந்தப் பத்திரம் இருக்காது. வீட்டுக்காரரோ எழுதிக் கொடுக்கத் தயங்குவார். கால்வாய் ஓரத்து இடம் என்று நாளை இதையே ஆதாரமாகக் காட்டி இடிக்க வந்துவிட்டால்?

இப்படிச் சிக்கும் ஒவ்வொரு வீடும் பட்டியலிலிருந்து நழுவும். நழுவியவர்கள் வார்டு அலுவலக வாசலில் வந்து சத்தம் போடுவார்கள். ஈஜிபுரா, விவேக்நகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் நம் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள்! பொங்கலுக்கும் திருவள்ளுவர் நாளுக்கும் மேடை போட நம் அமைப்புகளில் ஆள் இருக்கிறது. கன்னடத்தில் ஒரு மனுவை நிரப்பிக் கொடுக்க, அந்த ஊழியர் பக்கத்தில் ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்கார, நம்மில் யார் போனோம்? தமிழும் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கவேண்டும் என்றுகூட நமக்குத் தோன்றவில்லை.

நம் தவறுகளில் பெரியது இனிமேல் வருகிறது. 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிபிஎம்பி கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அந்த மாநகராட்சியே இல்லாமல் போன 2025 செப்டம்பர் வரை இன்னொரு கவுன்சில் கூடவில்லை. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னது. அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வழக்கு போட்ட சிலரைத் தவிர நம்மில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. 2015 தேர்தலிலேயே வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் ஓட்டுச்சாவடிக்குப் போயிருந்தோம். தேர்தல் நடக்காததை உணராமல் போனதில் என்ன ஆச்சரியம்?

2022 வெள்ளம் அந்த இடைவெளியில் வந்தது. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்ததும் அந்த இடைவெளியில்தான். 2024 அக்டோபரில் யெலஹங்கா கேந்திரிய விஹார் அடுக்ககத்தில் குடியிருந்தவர்களைப் படகில் ஏற்றினார்கள். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியது; என்.எஸ். பாளையாவில் தரைத்தளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப் போய், மின்சாரம் தாக்கி ஒரு முதியவரும் 12 வயதுச் சிறுவனும் உயிரிழந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்டிலும் கவுன்சிலர் இல்லை. கவுன்சிலர் திருடராகவே இருக்கட்டும், நள்ளிரவில் போய்க் கதவைத் தட்ட நமக்கு ஒரு வீடு இருந்தது. அதிகாரிக்கும் அவர் வேண்டும். ஆத்திரத்தோடு வரும் கூட்டத்துக்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்க, மேலே போய்ச் சண்டை போட்டு நிதியும் இயந்திரமும் வாங்கிவர, ஓட்டு வாங்கிய ஒருவர் வேண்டும். அந்த ஆளை அகற்றிவிட்டு மாதச் சம்பளக்காரரைத் தெருவில் தனியே நிறுத்தினோம். சென்னையிலும் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம்வரை இதே கதைதான். 2021 நவம்பர் மழையைக் கவுன்சிலர்கள் இல்லாமலே அந்த நகரம் எதிர்கொண்டது. அதைப் பார்த்தும் நாம் படிக்கவில்லை.

ஆதரவில்லாத நாற்காலியில் நல்லவர் நிலைக்கமாட்டார். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அல்லது உடம்பு கெட்டு விடுப்பில் போவார். அந்த நாற்காலியில் தாக்குப்பிடிப்பவர் வேறு வருமானம் பார்க்கத் தெரிந்தவர். ஊழலை வளர்த்ததில் நம் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதிகாரிகளை மட்டும் ஏசுவதில் அர்த்தமில்லை.

வெள்ளத்தின் காரணத்திலும் நம் கை இருக்கிறது. தர்மாம்புதி ஏரிமேல் மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம், கோரமங்களா ஏரி இருந்த இடத்தில் தேசிய விளையாட்டுக் கிராமம். இவை அரசு செய்தவை. தனியார் செய்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2021 அறிக்கையிலிருந்து ஊகிக்கலாம்: கோரமங்களா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் 113 கிலோமீட்டர் நீளம் ஓடிய கால்வாய்கள் 2016-17இல் சுமார் 63 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டன. காணாமல்போன அந்த ஐம்பது கிலோமீட்டர்மேல் யாரோ குடியிருக்கிறார்கள். வீடு வாங்கப் போனபோது சொத்துப் பதிவான காத்தா இருக்கிறதா என்று கேட்டோம். கால்வாய் வரைபடத்தைக் கேட்கவில்லை. 2022 வெள்ளத்துக்குப் பிறகு மகாதேவபுரா பகுதியில் இடிப்பு இயந்திரம் வந்தபோது, அடுத்தவர் வீடு என்றால் கைதட்டினோம், நம் வீடு என்றால் தடையுத்தரவு வாங்கினோம். இடித்தாலும் திட்டு, இடிக்காவிட்டாலும் திட்டு என்ற நிலையில் அந்தப் பொறியாளர் என்ன செய்வார்? கோப்பைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டார்.

வேறு வழி நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் நம் ஊர்க்காரர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது, அந்த மாவட்ட நிர்வாகத்தைத் தனியே விடவில்லை. மூத்த அதிகாரிகள் குழுக் குழுவாக வந்து இறங்கினார்கள். பக்கத்துத் தஞ்சாவூரின் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் நாகைக்கு மாற்றப்பட்டார். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களை மேய்ப்பதே அதிகாரிகளுக்குத் தனி வேலையாகிவிடும் என்பதை உணர்ந்து, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா அமைப்பும் ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்தக் கிராமத்தில் யார் வேலை செய்கிறார்கள், எங்கே என்ன குறைகிறது என்று அந்த மையம் கணக்கு வைத்தது. அதே நாகையில் சாலையோரம் மலைபோல் குவிந்து மழையில் மக்கிப்போன பழைய துணிகளும் உண்டு. வெளியூர்களில் இருந்த நம்மைப் போன்றவர்கள் அலமாரியைக் காலிசெய்து அனுப்பியவை அவை. அவற்றை அப்புறப்படுத்துவது அங்கிருந்த ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை ஆயிற்று. 2015 வெள்ளத்தில் சென்னைக்கு லாரி லாரியாக அனுப்பியபோதும் நாம் இதை யோசிக்கவில்லை.

2018 கஜா புயலில் ஆத்திரம், ஆதரவு என்று இரண்டு முகமும் தெரிந்தது. நவம்பர் 16 அதிகாலை புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மறுநாள் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில், உதவி வரவில்லை என்ற கோபத்தில் அரசு வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். வந்த அதிகாரிகளே அடுத்த ஊருக்குப் போகமுடியாமல் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. அவற்றை நட்டவர்கள் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். உள்ளூர் ஊழியர்களின் வீட்டுக் கூரையும் அதே காற்றில்தான் பறந்திருந்தது. வெளியூர் ஆள் வந்து தோள்கொடுத்திருக்காவிட்டால் டெல்டா எத்தனை மாதம் இருட்டில் கிடந்திருக்குமோ!

வெளியூர் ஆளை அனுப்புவதை அமெரிக்காவில் சட்டமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்டது. மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஆளும் கருவியும் அனுப்பிக்கொள்ளும் உடன்பாடு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்றது. ஃபுளோரிடாவுக்குள்ளேயே நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் இடையில் இதேபோல் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஓர் ஊரின் பொறியாளர் மூன்று நாள் தூங்காமல் இருந்தால், புயல் தொடாத இன்னோர் ஊரிலிருந்து அதே வேலை தெரிந்தவர் வந்து அவரை வீட்டுக்கு அனுப்புவார். செலவை யார் கொடுப்பது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் புயலுக்கு முன்பே கையெழுத்தாகியிருக்கும். வருஷம் தவறாமல் பேய்மழை பார்க்கும் மங்களூருவிலிருந்தோ, மைசூருவிலிருந்தோ, ஹுப்பள்ளி-தார்வாடிலிருந்தோ நம் வார்டுக்கு ஒரு மாற்றுப் பொறியாளர் வர ஏற்பாடு உண்டா என்று நாம் எந்த வேட்பாளரிடம் கேட்டோம்?

2025 செப்டம்பர் 2 முதல் பிபிஎம்பி இல்லை. கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. பலகை மாறியது, எல்லை மாறியது. மழைக்கு எல்லை தெரியாது. மேற்கே பெய்தது தெற்கே ஓடும், மத்தியில் பெய்தது கிழக்கே தேங்கும். ஒரு கால்வாய் இரண்டு மாநகராட்சிகளைக் கடந்தால் அடைப்பை எடுப்பது யார் என்ற கேள்வி இனி கூடத்தான் செய்யும். இந்தக் குழப்பத்தையும் வார்டுப் பொறியாளர் தலையிலேயே கட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை வார்டுக் குழு கூட்டம் என்பது இந்த நகரத்தில் ஏற்கனவே இருந்த வழக்கம். வராமல் இருந்தவர்கள் நாம். ஒவ்வொரு அடுக்ககமும், ஒவ்வொரு தெருவும், மழைக்கு முன்பே இரண்டு பேரின் பெயரை வார்டு அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம்: மின்சாரத்தை எங்கே நிறுத்துவது, படுக்கையில் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில் என்று தெரிந்த இரண்டு பேர். வெள்ளம் வந்தால் முதல் நாள் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றுவிடாமல் நிவாரணப் பட்டியல் முடியும்வரை மனு எழுத ஆள் அனுப்பலாம். பொறியாளரைச் சஸ்பெண்ட் செய்தால், விசாரணை அறிக்கை எங்கே, அவர் கேட்ட ஆளும் இயந்திரமும் கொடுக்கப்பட்டதா என்று கேட்கலாம். குற்றவாளியானால் தண்டனை கிடைக்கட்டும். பலியாடானால் நாம் பேசவேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நம் தெருச் சாலையைப் பற்றி மட்டும் பேசாமல், அந்த ஊழியர்களுக்கு மாற்று ஆள் ஏற்பாடு உண்டா என்றும் கேட்கலாம்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன்பு ஒருமுறை உங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். கையில் புகார் மனு வேண்டாம். அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன இல்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.